அணுவுக்குள் ஒரு பயணம்: வாழைப்பழம் முதல் பொட்டிப்புரம் மலை வரை



முன்னுரை

'கதிரியக்கம்' என்ற சொல்லை நம்ம தேனி மாவட்டத்தில் சின்னப் பிள்ளைகள்கூடக் கேட்டிருக்கும். காரணம் நமக்குத் தெரியும். போடி மேற்கு மலையில், தேவாரம் பக்கம் உள்ள பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கத் திட்டம் போட்டார்கள். அன்றிலிருந்து டீக்கடையிலும் பஸ்ஸிலும் அதே பேச்சுதான். ஒருத்தர், "கதிரியக்கம் வந்து திராட்சைக் கொடியெல்லாம் பட்டுப்போகும்" என்பார். இன்னொருத்தர், "ஒண்ணும் ஆகாது, சும்மா பயமுறுத்துறாங்க" என்பார். "சரி, கதிரியக்கம்னா என்ன?" என்று கேட்டால் ரெண்டு பேரிடமும் பதில் வராது.

ஒன்பதாம் வகுப்பில் நமக்கு அணு அமைப்பு பாடம் இருக்கிறது. கதிரியக்கம் பத்தாம் வகுப்பில்தான் வரும். அதுவரை ஏன் காத்திருக்க வேண்டும்? நம்ம மலையைப் பற்றிய பேச்சு நமக்கும் புரிய வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

அணு எவ்வளவு சிறியது?

உங்கள் ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் கோட்டைப் பாருங்கள். அந்த இடத்துக்குள் ஹைட்ரஜன் அணுக்களை ஒன்றை ஒட்டி ஒன்றாக வரிசையாக நிறுத்தினால், ஏறத்தாழ ஒரு கோடி அணுக்கள் நிற்கும்!

அந்த அணுவின் நடுவில் அணுக்கரு இருக்கிறது. அது அணுவைவிட இன்னும் பல ஆயிரம் மடங்கு சிறியது. நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். கௌமாரியம்மன் கோயில் வாசலில் ஒரு கடுகை வையுங்கள். அதுதான் ஹைட்ரஜனின் அணுக்கரு என்றால், எலக்ட்ரான் உலவும் எல்லை அங்கிருந்து ஐம்பது, அறுபது மீட்டர் தள்ளி இருக்கும். நடுவில் என்ன இருக்கிறது? எதுவுமே இல்லை, வெற்றிடம்தான். நாம் உட்காரும் பெஞ்சும், மலையும், நாமும் பெரும்பாலும் வெற்றிடத்தால் ஆனவர்கள் என்று நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது!

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? 1897-இல் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தார். பிறகு ரூதர்போர்டின் ஆய்வகத்தில் மெல்லிய தங்கத் தகட்டின் மேல் ஆல்பா துகள்களைச் செலுத்திப் பார்த்தார்கள். பெரும்பாலானவை நேராகப் போய்விட்டன. மிகச் சில மட்டும் சுவரில் பட்ட பந்து மாதிரித் திரும்பி வந்தன. அப்படியென்றால் உள்ளே மிகச் சிறிய, கனமான ஒன்று இருக்க வேண்டும். அதுதான் அணுக்கரு என்று 1911-இல் ரூதர்போர்டு சொன்னார். 1932-இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தார்.

உள்ளே யார் யார் இருக்கிறார்கள்?

1. புரோட்டான்: நேர் மின்சுமை உடையது. அணுக்கருவுக்குள் இருக்கும்.
2. நியூட்ரான்: மின்சுமை இல்லாதது. இதுவும் அணுக்கருவுக்குள்தான்.
3. எலக்ட்ரான்: எதிர் மின்சுமை உடையது. அணுக்கருவுக்கு வெளியே இருக்கும். மிகமிக லேசானது. ஏறத்தாழ 1,836 எலக்ட்ரான்கள் சேர்ந்தால்தான் ஒரு புரோட்டானின் எடை வரும்.

புரோட்டான்களின் எண்ணிக்கைதான் அணு எண். ஓர் அணுவின் பெயரை முடிவு செய்வது இதுதான். 6 புரோட்டான் இருந்தால் கார்பன், 7 இருந்தால் நைட்ரஜன். இதில் மாற்றமே கிடையாது.

ஆனால் நியூட்ரான் எண்ணிக்கை மாறலாம். சாதாரணக் கார்பனில் 6 புரோட்டான், 6 நியூட்ரான். மொத்தம் 12. ஆகவே கார்பன்-12. இன்னொரு கார்பனில் 6 புரோட்டான், 8 நியூட்ரான். அது கார்பன்-14. ஒரே வீட்டில் பிறந்த அக்கா, தங்கச்சி மாதிரி. இனிஷியல் ஒன்றுதான், எடை மட்டும் வேற. இவற்றுக்கு ஐசோடோப்புகள் என்று பெயர்.

கதிரியக்கம் என்றால் என்ன?

சில அணுக்கருக்கள் நிலையாக இருக்கும். கார்பன்-12 அப்படித்தான். சில அணுக்கருக்களில் புரோட்டான், நியூட்ரான் கணக்கு சரியாக அமையாது. நிலையில்லாமல் இருக்கும். அவை தாமாகவே எதையாவது வெளியே தள்ளிவிட்டு வேறு அணுக்கருவாக மாறும், அல்லது தன்னிடம் மிச்சமாக உள்ள ஆற்றலை வெளியே விடும். இதற்குத்தான் கதிரியக்கம் என்று பெயர்.

முக்கியமாகக் கவனியுங்கள்: இது அணுக்கருவில் நடப்பது. விறகு எரிவதும் இரும்பு துருப்பிடிப்பதும் வெளியே இருக்கும் எலக்ட்ரான்களின் வேலை. அதனால் கதிரியக்கப் பொருளைச் சுட்டாலும், தண்ணீரில் கரைத்தாலும், அரைத்துப் பொடி ஆக்கினாலும் அதன் கதிரியக்கம் நின்றுவிடாது.

1896-இல் பிரான்சு நாட்டில் ஹென்றி பெக்கொரல், யுரேனிய உப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் வருவதைக் கண்டார். 1898-இல் மேரி கியூரியும் அவர் கணவர் பியரி கியூரியும் பொலோனியம், ரேடியம் என்ற இரண்டு புதிய தனிமங்களைக் கண்டறிந்தனர். மேரி கியூரி 1903-இல் இயற்பியலுக்கும், 1911-இல் வேதியியலுக்கும் நோபல் பரிசு பெற்றார். மாணவிகளே, நோபல் பரிசை இரண்டு முறை பெற்ற முதல் நபரே ஒரு பெண்தான்!

மூன்று வகைக் கதிர்கள்

ஆல்பா: 2 புரோட்டானும் 2 நியூட்ரானும் சேர்ந்த கட்டி. கனமானது, தூரம் போகாது. ஒரு காகிதமே தடுத்துவிடும். ஆனால் அந்தப் பொருள் மூச்சு வழியாகவோ சாப்பாடு வழியாகவோ உள்ளே போனால் ஆபத்து அதிகம்.

பீட்டா: வேகமாக வரும் எலக்ட்ரான். சில மில்லிமீட்டர் அலுமினியத் தகடு தடுக்கும்.

காமா: ஒளி மாதிரியான கதிர், ஆனால் ஆற்றல் மிக அதிகம். தடுக்கக் கனமான ஈயமோ தடிமனான கான்கிரீட்டோ வேண்டும்.

இவை ஏன் உடம்புக்குக் கெடுதல்? போகிற வழியில் நம் உடம்பில் இருக்கும் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கிவிடும். இதற்கு அயனியாக்கம் என்று பெயர். செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. அறுந்துபோகலாம். கொஞ்சம் அறுந்தால் உடம்பு தானே சரிசெய்துகொள்ளும். அதிகம் அறுந்தால் நோய் வரும். இந்த 'எலக்ட்ரானைப் பிடுங்கும்' விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நியூட்ரினோ பற்றிப் பேசும்போது இதுதான் தேவைப்படும்.

புளியங்கொட்டைச் சோதனை

கதிரியக்கப் பொருளில் பாதி அணுக்கள் மாறுவதற்கு ஆகும் காலத்துக்கு அரை ஆயுட்காலம் என்று பெயர். கார்பன்-14-க்கு 5,730 ஆண்டுகள். கோபால்ட்-60-க்கு 5 ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். இதைப் புரிந்துகொள்ள ஒரு சோதனை.

64 புளியங்கொட்டைகளை எடுங்கள். தாயத்துக்கு உரசுகிற மாதிரி ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் தரையில் உரசி வெள்ளை எடுங்கள். எல்லாவற்றையும் கையில் குலுக்கிப் போடுங்கள். வெள்ளை மேலே விழுந்தவை 'மாறிவிட்ட அணுக்கள்'. அவற்றை ஒதுக்கிவிட்டு மீதியை மறுபடியும் போடுங்கள். நானும் என் தோழிகளும் செய்தபோது மீதி வந்த கணக்கு:

முதலில் 64
முதல் முறைக்குப் பின் 33
இரண்டாம் முறைக்குப் பின் 15
மூன்றாம் முறைக்குப் பின் 8
நான்காம் முறைக்குப் பின் 5
ஐந்தாம் முறைக்குப் பின் 2

கச்சிதமாகப் பாதி வரவில்லை, பாதிக்குக் கிட்டத்தில் வந்தது. எந்தக் கொட்டை அடுத்து வெள்ளை காட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மொத்தத்தில் பாதி போகும் என்று தைரியமாகச் சொல்லலாம். அணுக்களும் அப்படித்தான். வெறும் 64 கொட்டைக்குப் பதில் கோடானுகோடி அணுக்கள் இருப்பதால் கணக்கு மிகச் சரியாக வரும்.

நம் உடம்பிலும் கதிரியக்கமா?

ஆமாம்! வாழைப்பழத்தில் பொட்டாசியம் இருக்கிறது. இயற்கையில் உள்ள பொட்டாசியத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் அணுக்களுக்கு ஒன்று பொட்டாசியம்-40. அது கதிரியக்கம் உடையது. அரை ஆயுட்காலம் 125 கோடி ஆண்டுகள். பூமி தோன்றி 450 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. புளியங்கொட்டைக் கணக்கில் மூன்று முறை போட்டு முடித்து, நான்காவது முறையில் இருக்கிறோம். அதனால்தான் இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறது.

பொட்டாசியம் இல்லாமல் நம் நரம்பும் இதயமும் வேலை செய்யாது. 70 கிலோ எடையுள்ள ஒரு பெரியவரின் உடம்பில் ஒவ்வொரு விநாடியும் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பொட்டாசியம்-40 அணுக்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. நாம் பிறந்ததிலிருந்து இப்படித்தான். அதற்காக யாரும் வாழைப்பழத்தை விட்டுவிட வேண்டாம்! மிச்சப் பொட்டாசியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும்.

பாறையில் யுரேனியமும் தோரியமும் கொஞ்சம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. அதில் தோரியம் உள்ளதால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சு மற்ற ஊர்களைவிட அதிகம். வானத்திலிருந்தும் காஸ்மிக் கதிர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இவை எல்லாம் சேர்ந்து உலகில் ஒரு மனிதருக்கு ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு இயற்கையாகவே கிடைக்கிறது.

அப்போ ஆபத்தே இல்லையா?

அப்படி இல்லை. அளவுதான் முக்கியம். குழம்புக்கு உப்பு வேண்டும், ஆனால் ஒரு படி உப்பை யாரும் தின்ன முடியாது.

2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் நடந்தது இது. ஒரு பல்கலைக்கழகத்தில் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு கருவி ஏலத்தில் விற்கப்பட்டது. அதன் உள்ளே கோபால்ட்-60 இருந்தது. கடையில் அதைப் பிரித்தவர்களுக்கு அது என்னவென்றே தெரியாது. காமா கதிர் பட்டுப் பலர் நோயுற்றார்கள், ஒருவர் இறந்தார். அந்தக் கதிருக்கு வாசனை இல்லை, சூடு தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. படித்தால் மட்டுமே தெரியும்.

உங்களுக்குத் தெரியுமா? மஞ்சள் நிறப் பின்னணியில், நடுவில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி மூன்று இறக்கை உள்ள ஃபேன் மாதிரியும் ஒரு படம் இருந்தால், அது கதிரியக்க எச்சரிக்கைச் சின்னம். பழைய இரும்பில் அப்படி எதையாவது பார்த்தால் தொடாதீர்கள், தள்ளிப் போய்ப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

கணக்கில் காணாமல் போன காசு

இனி நியூட்ரினோவுக்கு வருவோம். இது கதிரியக்கத்தைப் படித்தபோதுதான் பிறந்தது.

கார்பன்-14-இல் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுகிறது. ஓர் எலக்ட்ரான் வெளியே வருகிறது. அதுதான் பீட்டா கதிர். 6 புரோட்டான் 7 ஆகிவிட்டதால் கார்பன் இப்போது நைட்ரஜன். சரி, இதில் என்ன சிக்கல்? ஒவ்வொரு முறையும் வெளியாகும் ஆற்றல் ஒரே அளவுதான். ஆனால் வெளியே வந்த எலக்ட்ரானின் ஆற்றலை அளந்தால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக இருந்தது.

சந்தையில் 100 ரூபாய் கொடுத்து 60 ரூபாய்க்குக் காய் வாங்கினால் மீதி 40 வர வேண்டும். ஒரு நாள் 10, ஒரு நாள் 25, ஒரு நாள் 38 என்று வந்தால் அம்மா என்ன சொல்வார்? "நடுவுல யாரோ எடுத்திருக்காங்க" என்பார். 1930-இல் உல்ஃப்காங் பவுலி என்ற விஞ்ஞானியும் அதைத்தான் சொன்னார். எலக்ட்ரானோடு சேர்ந்து இன்னொரு துகளும் வெளியே போகிறது, மிச்ச ஆற்றலை அதுதான் எடுத்துக்கொண்டு போகிறது, அதற்கு மின்சுமை இல்லாததால் நமக்குத் தெரியவில்லை என்றார். என்ரிகோ ஃபெர்மி அதற்கு நியூட்ரினோ என்ற பெயரை நிலைநிறுத்தினார். இத்தாலிய மொழியில் 'மின்சுமையில்லாத குட்டி' என்ற பொருள். (பீட்டா சிதைவில் இப்படி வருவதை எதிர் நியூட்ரினோ என்பார்கள். எளிமைக்காக நியூட்ரினோ என்றே எழுதுகிறேன்.)

1956-இல்தான் அமெரிக்காவில் ரெயின்ஸ், கோவன் இருவரும் ஓர் அணு உலையின் அருகே அதைக் கண்டுபிடித்து நிரூபித்தார்கள். 26 வருடம் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது!

நியூட்ரானும் நியூட்ரினோவும் ஒன்றா? இல்லை. பெயர்தான் கிட்டத்தட்ட ஒன்று. நியூட்ரான் கனமானது. ஓர் அணுக்கருவுக்குள் புகுந்து அதைக் கதிரியக்கம் உள்ளதாக மாற்றக்கூடியது. நியூட்ரினோவுக்கு எடை மிகமிகக் குறைவு, மின்சுமையும் கிடையாது. எதன் மேலும் மோதாமல் போய்விடும். அது கிட்டத்தட்ட எந்த எலக்ட்ரானையும் பிடுங்குவதில்லை.

உங்கள் கட்டை விரல் நகத்தைப் பாருங்கள். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் அதன் வழியே ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி போய்க்கொண்டிருக்கின்றன. ராத்திரியிலும்தான். பூமிக்கு அந்தப் பக்கம் நுழைந்து நம் கட்டிலுக்குக் கீழே இருந்து மேலே போகும்! நம் உடம்பில் உள்ள பொட்டாசியம்-40-இலிருந்தும் நியூட்ரினோ வெளியே போகிறது. நாமே நடமாடும் நியூட்ரினோ விளக்குகள்.

கோலார் தங்கச் சுரங்கம்

நியூட்ரினோ ஆராய்ச்சி நம் நாட்டுக்குப் புதிது அல்ல. கர்நாடகத்தில் உள்ள கோலார் தங்கவயலில், தமிழ்நாட்டிலிருந்து போன ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தார்கள். அந்தச் சுரங்கத்தில் 2 கி.மீ.க்கும் அதிக ஆழத்தில் கருவிகளை வைத்து, 1965-இல் காற்று மண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவின் தடயத்தைப் பதிவு செய்தார்கள். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், ஜப்பான், இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து செய்த ஆய்வு இது. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கச் சுரங்கத்திலும் பதிவானது. 2001-இல் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

மலை எதற்கு?

வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில், ராட்டினச் சத்தம், மேளச் சத்தம், மைக் செட்டுக்கு நடுவில் ஒரு குழந்தையின் கொலுசுச் சத்தம் கேட்குமா? கேட்காது. சுவர் தடிமனான அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் கேட்கும்.

காஸ்மிக் கதிர்களால் மியூவான் என்ற துகள்கள் மழை மாதிரி விழுகின்றன. நம் உள்ளங்கை வழியே விநாடிக்கு ஒன்று வீதம் போகிறது. அவைதான் திருவிழாச் சத்தம். நியூட்ரினோ எப்போதாவது ஒரு தடவை இரும்பு அணுக்கருவில் மோதும். அதுதான் கொலுசுச் சத்தம். ஒரு கி.மீ. தடிமன் பாறை மியூவான்களைப் பெரும்பாலும் தடுத்துவிடும், நியூட்ரினோ மட்டும் தாராளமாக உள்ளே வரும். மலை என்பது வடிகட்டி. கதிரை உள்ளே அடைத்து வைக்கும் பெட்டி அல்ல.

பொட்டிப்புரத் திட்டப்படி, அம்பரப்பர் மலைக்குள் ஏறத்தாழ 2 கி.மீ. சுரங்கப்பாதை அமைத்து, அதன் முடிவில் குகை தோண்டி, 50,000 டன் இரும்புத் தகடுகளை அடுக்கிக் காந்தமாக்குவார்கள். தகடுகளுக்கு நடுவில் வாயு நிரப்பிய கண்ணாடிக் கருவிகள் இருக்கும். நியூட்ரினோ மோதியதும் உண்டாகும் மியூவானின் பாதையை அவை காட்டும். அங்கே நியூட்ரினோவைத் தயாரிப்பது இல்லை. இயற்கையாக வருவதை எண்ணுவது மட்டும்தான். மதுரையில் 85 டன் எடையில் இதன் சிறிய மாதிரி ஒன்றை அமைத்து மியூவான்களைப் பதிவு செய்தார்கள்.

அப்பத்தா கேட்ட கேள்விகள்

இதையெல்லாம் நான் வீட்டில் படித்துக்கொண்டிருந்தபோது எங்க அப்பத்தா கேட்டுச்சு: "ஏத்தா, மலைக்குள்ள அணுவை வச்சு வெடிக்கப் போறாங்களாமே, நெசமா?"

"இல்ல அப்பத்தா. கூடங்குளத்துல, கல்பாக்கத்துல யுரேனிய அணுக்கருவைப் பொளந்து கரண்டு எடுக்குறாங்க. பொளந்த துண்டுக்குக் கதிரியக்கம் உண்டு. அதுல சீசியம்-137-னு ஒண்ணு பாதியாக் குறையவே 30 வருசம் ஆகும். அதனால அங்க கழிவைப் பத்திக் கேக்குறது நியாயம். இங்க போட்ட திட்டத்துல யுரேனியமும் இல்ல, உலையும் இல்ல. இரும்பும் கண்ணாடியும்தான்" என்றேன்.

அப்பத்தா கொஞ்ச நேரம் வெத்தலையை மென்னுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம், "சரித்தா. இரும்பை உள்ள வைக்க மலையைக் கொடையணும்ல? வெடி வைக்காமயா கொடைவாக? அந்த மலைத் தண்ணி என்ன ஆகும்?" என்று கேட்டுச்சு.

இதற்குப் பதில் அணு அமைப்புப் பாடத்தில் இல்லை! முதல் கேள்வி கதிரியக்கம் பற்றியது. இரண்டாவது கேள்வி மலை பற்றியது. ஒன்றுக்குச் சொன்ன பதில் மற்றொன்றுக்கு ஆகாது. "நியூட்ரினோ ஆபத்தில்லை, அதனால் மலையைத் தோண்டலாம்" என்பதும் சரியில்லை. "மலையைத் தோண்டக் கூடாது, அதனால் நியூட்ரினோ விஷம்" என்பதும் சரியில்லை. ஆகவே ஊரில் கேட்கும் கேள்விகளை நான் இரண்டாகப் பிரித்து எழுதியிருக்கிறேன்.

அறிவியல் பாடம் பதில் சொல்லும் கேள்விகள்

1. நியூட்ரினோ பட்டால் பயிர் கருகுமா? இல்லை. இப்போதும் கோடிக்கணக்கில் பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.
2. நியூட்ரினோவை எண்ணினால் இரும்பு கதிரியக்கம் ஆகிவிடுமா? இல்லை. மோதுவதே அபூர்வம்.
3. பாறைக்குள் இயற்கையான கதிரியக்கம் உண்டா? கொஞ்சம் உண்டு. பாறையில் உள்ள யுரேனியத்திலிருந்து ரேடான் என்ற வாயு வரும். காற்றோட்டம் இல்லாத சுரங்கத்தில் அது சேர்ந்துவிடும். எந்தச் சுரங்கம் ஆனாலும் உள்ளே வேலை செய்பவர்களுக்கு நல்ல காற்று வேண்டும்.

வேறு இடத்தில் கேட்க வேண்டிய கேள்விகள்

1. வெடி வைத்தால் எவ்வளவு அதிர்வு, எவ்வளவு தூசி? தோண்டிய கல்லை எங்கே கொட்டுவார்கள்? இதை மண்ணியல் படித்தவர்களும் சுற்றுச்சூழல் ஆய்வும் சொல்ல வேண்டும்.
2. ஊற்றும் கிணறும் என்ன ஆகும்? நீரியல் ஆய்வு சொல்ல வேண்டும்.
3. புலியும் யானையும் போகும் வழி? மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கி.மீ.க்குள் இருக்கிறது. வனத்துறையும் வனவிலங்கு வாரியமும் சொல்ல வேண்டும்.
4. பிற்காலத்தில் காலிக் குகையில் அணுக்கழிவைக் கொண்டுவந்து வைத்தால்? திட்டத்தில் அப்படி இல்லை. ஆனால் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவார்களா என்பது இயற்பியல் கேள்வி அல்ல. ஊர்மக்கள் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டிய பதில்.

என்ன நடந்தது?

முதலில் நீலகிரி மாவட்டம் சிங்காராவில் அமைக்க நினைத்தார்கள். புலிகள் காப்பகம் அருகில் என்பதால் 2009-இல் அனுமதி கிடைக்கவில்லை. பிறகுதான் பொட்டிப்புரம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மக்கள் எதிர்த்தார்கள், வழக்குகள் வந்தன. 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018-இல் மத்திய அரசு மறுபடியும் அனுமதி தந்தது. வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது என்று அதே ஆண்டில் தீர்ப்பாயம் கூறியது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, மேற்குத் தொடர்ச்சி மலையின் காடும் புலிகளின் வழித்தடமும் பாதிக்கப்படும் என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லி, இத்திட்டத்துக்கு எதிர்ப்புத் தெரிவித்தது.

பாருங்கள், சிங்காராவிலும் பொட்டிப்புரத்திலும் அரசும் தீர்ப்பாயமும் பேசியது காட்டைப் பற்றியும் அனுமதி பற்றியும்தான். நம் டீக்கடைகளில் அதிகம் பேசியதோ கதிரியக்கம் பற்றி. நாம் சரியான கேள்வியைக் கேட்டிருந்தால் நம் பேச்சுக்கு இன்னும் மதிப்பு இருந்திருக்கும்.

இதற்கிடையில் உலகம் நிற்கவில்லை. நியூட்ரினோவுக்கு எடை உண்டு என்று காட்டியதற்காக ஜப்பானின் தகாக்கி கஜிதாவுக்கும் கனடாவின் ஆர்தர் மெக்டொனால்டுக்கும் 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. சீனாவில் நிலத்துக்கு அடியில் 700 மீட்டர் ஆழத்தில் 20,000 டன் திரவத்தோடு ஒரு நியூட்ரினோ ஆய்வகம் 2025-இல் வேலையைத் தொடங்கியது. நியூட்ரினோக்களில் எது கனம், எது லேசு என்ற கேள்விக்கு அது விடை தேடுகிறது. பொட்டிப்புரத்திலும் தேட நினைத்தது இதே விடையைத்தான். மலையைக் காப்பதும் நல்லது, அறிவைத் தேடுவதும் நல்லது. இரண்டு நல்லவைகளில் எது முதலில் என்று முடிவு செய்வது கஷ்டம். அந்த முடிவை எடுப்பவர்கள் நாளைக்கு நாம்தான்.

யோசித்துப் பாருங்கள்

1. 17 புரோட்டான், 18 நியூட்ரான் உள்ள அணுவின் நிறை எண் என்ன? அது எந்தத் தனிமம்?
2. அரை ஆயுட்காலம் 8 நாட்கள் உள்ள அயோடின்-131, 80 கிராம் இருக்கிறது. 24 நாட்களுக்குப் பிறகு எவ்வளவு மீதி இருக்கும்?
3. காகிதம் தடுக்கும் கதிர் எது?
4. கார்பன்-14, பீட்டா கதிரை வெளியிட்டால் எந்தத் தனிமமாக மாறும்?

விடைகள்: 1. 35, குளோரின். 2. 10 கிராம். 3. ஆல்பா. 4. நைட்ரஜன்.

முடிவுரை

அணு என்றதும் பயப்படவும் வேண்டாம், ஒன்றுமில்லை என்று தள்ளிவிடவும் வேண்டாம். யாராவது கதிரியக்கம் பற்றிப் பேசினால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த அணு? என்ன கதிர்? எவ்வளவு அளவு? யாராவது மலையைப் பற்றிப் பேசினால் தண்ணீர், காடு, மக்கள் சம்மதம் மூன்றையும் கேளுங்கள். இந்த ஆறு கேள்விகளையும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
வீரபாண்டி.